வேப் திரவம்: கலந்தாலும் வாங்கினாலும் சோதித்துச் சொல்வது யார்?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது, அங்கே பழகியதும் கூடவே வந்துவிடுகிறது. சில வருடங்களாக அதில் வேப்பும், அதாவது இ-சிகரெட்டும், சேர்ந்திருக்கிறது. கோலாலம்பூரில் இருந்து வருகிறவர் ஒன்று சொல்வார், லண்டனில் இருந்து வருகிறவர் வேறொன்று சொல்வார். ஆனால் கொஞ்ச நாள் புகைத்துப் பழகியவர்கள் கூடினால் ஒரு விவாதம் தவறாமல் வரும்: அதில் ஊற்றும் திரவத்தைக் கடையில் கலந்தே வாங்குவதா, நிக்கோட்டின், எசன்ஸ், கிளிசரின் எல்லாம் தனித்தனியாக வாங்கி நாமே கலந்துகொள்வதா?

வெளிநாட்டில் இது நியாயமான கேள்வி. இரண்டு பக்கமும் பேச விஷயம் இருக்கிறது. அதே கேள்வியை இங்கே கொண்டுவந்தால் அடிப்படையே மாறிவிடுகிறது. அங்கே இரண்டு வழிக்கும் பின்னால் ஏதோ ஒரு சோதனை, ஏதோ ஒரு பதிவு, பிரச்சினை வந்தால் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது. இங்கே இரண்டுக்குமே அது கிடையாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில் திரவத்தில் இருந்தே தொடங்குகிறேன். அது என்னவென்று தெரியாமல் பேசுகிறவர்கள்தான் அதிகம்.

நான்கே பொருள்

வேப் திரவத்தில் பெரும்பாலும் நான்கு பொருள்தான். புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைச் சரக்கு. முதல் இரண்டும் சேர்ந்துதான் பாட்டிலின் பெரும்பகுதி.

கிளைகால் கிளிசரினைவிட இளக்கமாக ஓடும், வாசனையை நன்றாகத் தூக்கிக்கொண்டு போகும், தொண்டையில் ஒரு பிடிப்பைத் தரும். கிளிசரின் தேன் மாதிரி கெட்டி, லேசான இனிப்பு, வெள்ளைப் புகை அடர்த்தியாக வருவது அதனால்தான். 50க்கு 50, 70க்கு 30 என்று பாட்டிலில் போட்டிருப்பது இந்த இரண்டின் விகிதம். சாதனத்துக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும், அதைச் சுற்றிப் பஞ்சு இருக்கும். பஞ்சில் ஊறிய திரவத்தைச் சுருள் சூடாக்க, அது ஆவியாகி, குளிர்ந்து, நுண்துளிகளாக நெஞ்சுக்குள் போகிறது. புகை என்று நாம் சொல்வது உண்மையில் இந்தத் துளிகள்தான். பஞ்சு காய்ந்த நிலையில் சுருள் சூடேறினால் கிளிசரின் சிதைந்து அக்ரோலீன், ஃபார்மால்டிஹைடு மாதிரியான எரிச்சலூட்டும் பொருட்கள் உண்டாகும். காய்ந்த பஞ்சை ஒருமுறை இழுத்தவர்கள் அந்தக் கரிந்த காரத்தை மறக்க மாட்டார்கள்.

நிக்கோட்டினில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று சாதாரண நிக்கோட்டின். அளவு கூடினால் தொண்டையைக் கிழிக்கும், அதனால் ஆளே நிறுத்திக்கொள்வார். இன்னொன்று பென்சாயிக் அமிலம் போன்ற ஓர் அமிலத்தோடு சேர்த்த நிக்கோட்டின் உப்பு. இது அதிக அளவிலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். 2015-இல் அமெரிக்காவில் வந்த ஜூல் இந்த உப்பை வைத்துத்தான் பரவியது. பென் டிரைவ் மாதிரி இருக்கும் சின்னச் சாதனங்களும், தீர்ந்ததும் தூக்கிப் போடும் வகைகளும் பெரும்பாலும் இந்த உப்பில் ஓடுபவை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பிடிபடுவதும் இவைதான்.

கலக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது

ஆசை மட்டுமே காரணமில்லை, சட்டமும் ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புகையிலைப் பொருள் விதிகள் 2016 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தன. அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரிட்டனும் அவற்றை ஏற்றது. நிக்கோட்டின் கலந்த திரவத்தை 10 மில்லி பாட்டிலுக்கு மேல் விற்கக் கூடாது, ஒரு மில்லியில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக் கூடாது, ஒவ்வொரு சரக்கையும் அரசிடம் முன்கூட்டியே பதிய வேண்டும்.

நிக்கோட்டின் இல்லாத திரவத்துக்கு அந்தப் பாட்டில் அளவு இல்லை. கடைக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 60 மில்லி பாட்டிலில் 50 மில்லி வாசனைத் திரவம் ஊற்றி, மேலே இடம் விட்டு விற்றார்கள். கூடவே 10 மில்லி நிக்கோட்டின் பாட்டில் ஒன்று. மில்லிக்கு 18 மில்லிகிராம் வலிமையுள்ள அந்தச் சின்னப் பாட்டிலைப் பெரியதில் கொட்டிக் குலுக்கினால், மொத்தம் 180 மில்லிகிராம், 60 மில்லியில் பரவி, மில்லிக்கு 3 மில்லிகிராம். லண்டனில் இருந்து வருகிறவர் "நானே கலக்குகிறேன்" என்று சொன்னால் பல சமயம் இதைத்தான் சொல்கிறார். இதில் தவறு நடக்க இடம் குறைவு. இரண்டு பாட்டிலும் அளந்து அடைத்தவை, நிக்கோட்டின் இருக்கும் பாட்டில் 20 மில்லிகிராம் வரம்புக்குள் இருப்பது.

இதைத் தாண்டிப் போகிறவர்கள் 72 அல்லது 100 மில்லிகிராம் வலிமையுள்ள அடர் நிக்கோட்டினை வாங்கி, கிளைகாலும் கிளிசரினும் லிட்டர் கணக்கில் வாங்கி, பத்து இருபது எசன்ஸ் பாட்டிலோடு உட்காருவார்கள். செலவு வெகுவாகக் குறையும் என்பது உண்மை. பிரிட்டனில் 2026 அக்டோபர் 1 முதல், நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 10 மில்லிக்கு 2.20 பவுண்டு வரி என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 100 மில்லிக்கு 22 பவுண்டு வரி மட்டும். இப்படி வரி ஏறினால் வீட்டில் கலக்கும் பேச்சும் கூடத்தான் செய்யும்.

மலேசியாவின் கதை வேறு. 2023 ஏப்ரல் தொடக்கத்தில் அந்த அரசு வேப் திரவத்தில் உள்ள நிக்கோட்டினை விஷப் பொருள் பட்டியலில் இருந்து நீக்கியது. புகைப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1-இல். நடுவில் ஒன்றரை வருடம், வயது வரம்புகூட இல்லாமல் விற்பனை நடந்தது. நம் ஊருக்கு வந்து சேரும் பாட்டில்களில் மலேசியச் சரக்கு எந்தக் காலத்தில் அடைத்தது என்று பார்ப்பவர் யாரும் இல்லை.

கலக்குபவர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடான இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று இனிப்பு. கடைத் திரவங்களில் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பைத் தாராளமாகப் போடுகிறார்கள். பழைய சுருளைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்: கம்பி மேல் கருப்பாக, கருகிய பாகு மாதிரி ஒரு பூச்சு ஒட்டியிருக்கும், பஞ்சின் நடுப்பகுதி பழுப்பேறி இறுகிப்போயிருக்கும். இனிப்புப் போடாத திரவத்தில் அதே சுருள் ரொம்ப நாள் வரும். தானே கலப்பவர் இனிப்பை விட்டுவிடலாம்.

இரண்டாவது இன்னும் முக்கியம். சிகரெட்டை விட்டுவிட வேப்புக்கு வந்தவர், நிக்கோட்டினை 6, 4, 3, 2 என்று தன் வேகத்தில் இறக்கிக்கொள்ள முடியும். கடையில் கிடைக்கும் படிகள் பெரியவை, வீட்டில் சின்னப் படிகளாக வைக்கலாம். பிரிட்டன் மருத்துவர்கள் புகைபிடிப்பவர்களுக்கு வேப்பைப் பரிந்துரைப்பதும், சிகரெட்டை நிறுத்த, தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, நிக்கோட்டின் சூயிங்கம் இவற்றைவிட நிக்கோட்டின் வேப் கூடுதலாக உதவுகிறது என்று காக்ரேன் மருத்துவத் தொகுப்பாய்வு சொல்வதும் உண்மைதான். அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

ஒரு புள்ளி இடம் மாறினால்

கலக்கும் வேலையில் கடினமான வேதியியல் எதுவும் இல்லை. எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது.

60 மில்லி திரவம், மில்லிக்கு 3 மில்லிகிராம் வேண்டும். 100 மில்லிகிராம் வலிமையுள்ள அடர் நிக்கோட்டினில் இருந்து 1.8 மில்லி எடுக்க வேண்டும். அதை 18 என்று படித்துவிட்டால், கிடைப்பது மில்லிக்கு 30 மில்லிகிராம். பிரிட்டனில் விற்கவே அனுமதி இல்லாத வலிமை. புள்ளியைத் தவறவிடாதவரும் இன்னொரு இடத்தில் சறுக்குவார். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கு 20 மில்லிகிராம் பாட்டிலுக்குப் போட்டதாக இருக்கும். அதன்படி 9 மில்லி ஊற்ற வேண்டும். கையில் இருப்பதோ 100 மில்லிகிராம் பாட்டில். அதே 9 மில்லியை ஊற்றினால் 3 வரவேண்டிய இடத்தில் 15 வரும்.

சதவீதக் குழப்பம் இதற்கெல்லாம் மேல். சில பாட்டிலில் "3" என்று மில்லிகிராமில் இருக்கும், சிலதில் "3%" என்று இருக்கும். 3 சதவீதம் என்றால் மில்லிக்கு 30 மில்லிகிராம். பத்து மடங்கு. நம் பக்கம் கைமாறும் சரக்கில் இரண்டு வகை எழுத்தும் கலந்தே வருகிறது.

பழகியவர்கள் சிரிஞ்சை விட்டுவிட்டுத் தராசுக்கு மாறுவது இதனால்தான். கிளிசரின் சிரிஞ்சின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நடுவில் காற்றுக் குமிழ் நிற்கும், 10 மில்லி என்று நினைத்தது 9 ஆக இருக்கும். 0.01 கிராம் வரை காட்டும் நகைக்கடைத் தராசில் பாட்டிலை வைத்து எடையாக ஊற்றினால் அந்தப் பிழை இல்லை. ஆனால் கிளிசரின் 1 மில்லி 1.26 கிராம், கிளைகால் 1 மில்லி 1.04 கிராம் என்பதை மனதில் வைத்துக் கணக்கை மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் மில்லியை அப்படியே கிராமாக எடுத்துக்கொண்டால் விகிதம் கெட்டுவிடும்.

அடர் நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். பச்சைப் புகையிலை பறிப்பவர்களுக்கு ஈர இலை பட்டே வாந்தியும் மயக்கமும் வருவது தெரிந்த விஷயம், அதற்குத் தனியாக ஒரு நோய்ப் பெயரே உண்டு. பெரியவர்களுக்கு உயிர்போகும் அளவு 60 மில்லிகிராம் என்று பழைய பாடநூல்கள் சொல்லி வந்தன. ஆஸ்திரியாவின் மருந்தியல் அறிஞர் பெர்ன்ட் மேயர் 2014-இல் அதன் மூலத்தைத் தேடிப் பார்த்து, அந்த எண்ணுக்கு ஆதாரம் பலவீனம், உண்மை அளவு 500 முதல் 1000 மில்லிகிராமாக இருக்கலாம் என்று எழுதினார். ஆறுதல்படலாம் என்று தோன்றும். 100 மில்லிகிராம் வலிமையில் 10 மில்லி, அதாவது கண் மருந்து பாட்டில் அளவில் இருப்பதே 1000 மில்லிகிராம். குழந்தைக்கு இதில் மிகச் சிறிய பங்கே போதும். 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை திரவ நிக்கோட்டினைக் குடித்து இறந்தது. அதற்குப் பிறகுதான் குழந்தை திறக்க முடியாத மூடி கட்டாயம் என்ற சட்டம் 2016 ஜனவரியில் அமெரிக்காவில் கையெழுத்தானது.

"உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்"

ஒரு கல்யாண வீட்டில், முகப்பில் பந்திக்குக் காத்திருந்தபோது, மலேசியாவில் இருந்து வந்திருந்த உறவுக்காரத் தம்பி ஒருவர் என்னிடம் சொன்னது இது: "சித்தப்பா, கடையில வாங்குறதுல என்ன போட்டிருக்கான்னு யாருக்குத் தெரியும்? இது நானே கலந்தது. உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். நம்ம வீட்டு மசாலா மாதிரி."

செட்டிநாட்டில் பிறந்தவர் எவருக்கும் இந்த ஒப்பீடு சட்டென்று பிடித்துப்போகும். பாக்கெட் மசாலாவை நம்பாத வீடுகள் இன்னும் இங்கே இருக்கின்றன. ஆச்சிமார் மிளகாயைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்ப்பார்கள், மல்லியை முகர்ந்து பார்ப்பார்கள், கல்பாசியில் மண் இருந்தால் புடைத்து எடுப்பார்கள், வெயிலில் காயவைத்து வறுத்து, மெஷினில் கொடுக்கும்போது முன்னால் அரைத்தவரின் மாவு கலக்காமல் கூடவே நிற்பார்கள். அவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நிஜமாகவே தெரியும். ஏனென்றால் ஒவ்வொரு சரக்கின் நல்லது கெட்டதும் கண்ணுக்கும் மூக்குக்கும் தட்டுப்படும்.

அந்தத் தம்பியிடம் இருந்த பாட்டில்களில் அப்படித் தட்டுப்படுவது எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்தது எந்தப் பாட்டிலில் இருந்து எவ்வளவு ஊற்றினோம் என்பது மட்டும்தான். பாட்டிலுக்குள் உண்மையில் இருப்பது மேலே ஒட்டிய சீட்டில் உள்ளதுதானா என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

இது வெறும் சந்தேகமில்லை. புரொப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் நிறமில்லாத, மணமில்லாத, லேசாக இனிக்கும் திரவங்கள். டைஎத்திலீன் கிளைகால் என்ற தொழிற்சாலைத் திரவமும் பார்க்க அப்படியேதான் இருக்கும், இனிக்கவும் செய்யும், விலையும் குறைவு. அது சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம். கிளைகாலோ கிளிசரினோ இருக்க வேண்டிய இடத்தில் இது மாறி வந்ததற்கு நம் நாடு கொடுத்த விலை சிறியதல்ல. 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகள் பலர் மருந்தில் கலந்த டைஎத்திலீன் கிளைகாலால் இறந்தார்கள். 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள் இறந்தார்கள், அங்கே கெட்டுப்போனது கிளிசரின். 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைச் சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. அனுமதிக்கப்படும் வரம்பு 0.1 சதவீதம். அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

மருந்துக் கம்பெனி என்று பெயர் போட்டுக்கொண்ட இடத்திலேயே, உரிமம், ஆய்வாளர், சட்டம் எல்லாம் இருந்தும் இது நடந்தது. டிரம்மில் வாங்கிச் சின்னப் பாட்டிலில் பிரித்து ஆன்லைனில் விற்பவரிடம் நாம் எதை வைத்து நம்பிக்கை வைப்பது?

குடிப்பதும் ஆவியாக இழுப்பதும் ஒன்றில்லை, ஒரு நாளைக்கு இழுக்கும் திரவம் சில மில்லிதான், அதனால் இருமல் மருந்தின் கதை அப்படியே வேப்பில் நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் 2009-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அன்றைய இ-சிகரெட் குப்பிகள் 18-ஐச் சோதித்தபோது, ஒன்றில் சுமார் 1 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. இப்படி மாறி வருவது வேப் திரவத்திலும் நடக்கக்கூடியதே என்பதற்கு அது போதும்.

மெடிக்கல் ஷாப்பில் "ஐ.பி." என்று அச்சடித்த கிளிசரின் கிடைக்கும். இந்திய மருந்தியல் நூலின் தரத்தில் செய்தது என்று பொருள். சோப்புக்குப் போகும் கிளிசரின் வேறு, முகத்துக்குப் பூச ரோஜா வாசனை சேர்த்தது வேறு. கலக்கத் துணிந்தவர்கள்கூட இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

அடுத்து எசன்ஸ். இங்கேதான் மிகப் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. கேக்குக்கும் ரோஸ்மில்க்குக்கும் போடும் எசன்ஸ் வயிற்றுக்குள் போவதற்கென்று பார்த்துச் செய்தது. நுரையீரலுக்கு அது சரியா என்று யாரும் சோதித்துத் தரவில்லை. அமெரிக்க வாசனைச் சரக்கு உற்பத்தியாளர் சங்கமே, உணவுக்குப் பாதுகாப்பு என்ற சான்று மூச்சில் இழுப்பதற்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

வெண்ணெய் வாசனை தரும் டைஅசிடைல் இதற்கு நல்ல உதாரணம். சாப்பிடலாம். ஆனால் 2000-இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பாப்கார்ன் தொழிற்சாலையில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பாகி அடைத்துப்போனது கண்டுபிடிக்கப்பட்டது. 2015-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 51 வேப் வாசனைகளைச் சோதித்தார்கள். 39-இல் டைஅசிடைல் இருந்தது. சிகரெட் புகையில் இதைவிட அதிகமாகவே இருக்கிறது என்று வேப் பக்கத்தினர் பதில் சொல்வார்கள், அதுவும் சரிதான். பிரிட்டன் பிறகு அதை வேப் திரவத்தில் சேர்க்கவே கூடாது என்று விலக்கியது. எசன்ஸ் பாட்டிலை நேரே வாங்கிக் கலப்பவருக்கு அந்த விலக்கு எட்டாது.

எண்ணெய் சேர்ந்த எதுவும் கூடவே கூடாது. யூகலிப்டஸ் தைலம், லவங்கப்பட்டை எண்ணெய், கிராம்பு எண்ணெய் என்று நம் வீட்டில் மருந்தாக இருப்பவை நுரையீரலுக்குள் துளியாகப் போனால் அங்கே கரையாது, அழற்சி வரும். 2019-இல் அமெரிக்காவில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர், 68 மரணங்கள். பெரும்பாலானவர்கள் கள்ளச் சந்தையில் வாங்கிய கஞ்சாச் சத்துக் குப்பிகளை இழுத்தவர்கள். முக்கியக் காரணமாகப் பிடிபட்டது வைட்டமின் ஈ அசிடேட், எண்ணெயைக் கெட்டியாகக் காட்டச் சேர்த்தது. தோலில் பூசவும் மாத்திரையாகச் சாப்பிடவும் பிரச்சினை இல்லாத பொருள் அது.

அப்படியென்றால் வாங்குவது மேலா?

விதிகள் உள்ள நாட்டில், ஆமாம். பதிவு செய்த 10 மில்லி பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார், பொய் சொன்னால் பிடிக்க ஒரு துறை இருக்கிறது.

இங்கே அது பொருந்தாது. தமிழ்நாடு அரசு 2018-லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18-இல் அவசரச் சட்டம் கொண்டுவந்து, டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கடத்திச் செல்வது, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை ஒரு வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் பிடிபட்டால் 3 வருடம், 5 லட்சம் வரை. இருப்பு வைப்பதற்கு 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நிக்கோட்டின் இல்லை என்பதால் தப்பிக்க முடியாது; சட்டத்தின் வரையறையே "நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்றுதான் போகிறது.

ஆகவே செக்காலை ரோட்டில் யாரோ பைக்கில் கொண்டுவந்து தரும் பாட்டிலும், டெலிகிராமில் ஆர்டர் போட்டு வரும், தீர்ந்ததும் தூக்கிப் போடும் டிஸ்போசபிளும் எந்தச் சோதனையும் தாண்டி வந்தவை கிடையாது. சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது அச்சகத்தின் வேலை. கண்காணிப்புள்ள நாட்டிலேயே சீட்டு பொய் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், "நிக்கோட்டின் இல்லை" என்று விற்ற 10 திரவங்களில் 6-இல் நிக்கோட்டின் இருந்தது.

இன்னும் பக்கத்தில், நம் குடும்பங்கள் பாதி இருக்கும் சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 2018 பிப்ரவரியில் இருந்து வேப் வைத்திருப்பதே குற்றம். தடை இருந்தும் கள்ளச் சரக்கு ஓடியது. 2025-இல் பிடிபட்ட வேப்களில் நூற்றுக்கும் மேற்பட்டதைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்தது. ஆப்பரேஷனுக்கு முன் ஆளை மயக்கப் பயன்படும் ஊசி மருந்து அது. வாங்கிய பிள்ளைகளில் தெரிந்து வாங்கியவர்களும் உண்டு, தெரியாமல் இழுத்தவர்களும் உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துத் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். தடை செய்த ஊரில் "கடையில் கலந்தே வாங்கியது" என்பதற்கு இதுதான் நடைமுறை அர்த்தம். யார் கலந்தார்கள், எதைக் கலந்தார்கள் என்று கேட்க ஆளில்லை.

சரி, அப்படியானால் வீட்டில் கலப்பதுதான் வழியா என்றால், அதுவும் சட்டத்துக்கு உள்ளேதான் வருகிறது. தயாரிப்பு என்பதில் இ-சிகரெட்டின் எந்தப் பகுதியைச் செய்வதும் சேர்ப்பதும் அடங்கும் என்று வரையறை சொல்கிறது. திரவம் ஒரு பகுதியா இல்லையா என்று வாதிட வக்கீல் கிடைப்பார். கஸ்டம்ஸில் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு அந்த வாதம் உடனே கைகொடுக்காது. வெளிநாட்டில் இருந்து பெட்டியில் கொண்டுவருவது இறக்குமதி, அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. சொந்தமாகப் புகைப்பதைச் சட்டம் தனிக் குற்றமாக எழுதவில்லை என்பதைப் பலர் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மைதான். ஆனால் புகைக்க ஒரு பொருள் கைக்கு வர வேண்டுமே, அது வரும் எல்லா வழியும் அடைபட்டிருக்கிறது.

எனக்கு உறுத்துவது ஒன்று. காரைக்குடியில் வேதியியல் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே இருக்கிறது, அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு திரவத்தில் டைஎத்திலீன் கிளைகால் இருக்கிறதா என்று கலவையைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் பார்ப்பது படித்தவர்களுக்குப் புதிய வேலை இல்லை. ஆனால் தடை செய்த சரக்கை எடுத்துக்கொண்டு யாரும் எந்த ஆய்வகத்தின் வாசலுக்கும் போக மாட்டார்கள். தடை சரியா தவறா என்ற வாதம் தனி. அதன் விளைவு இது: கலப்பவரும் சரி, வாங்குபவரும் சரி, இருட்டில்தான் இழுக்கிறார்கள். வெளிநாட்டு வாதங்களை இங்கே வைத்து எது மேல் என்று அளப்பதில் பயனில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

சிகரெட்டை விடத்தான் வேப் என்று உண்மையாகவே நினைப்பவருக்கு இங்கே சட்டப்படி, சோதனையோடு கிடைக்கும் நிக்கோட்டின் ஒன்று இருக்கிறது. 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4 மில்லிகிராமுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். வேப் மாதிரி உடனே ஏறாது, ருசியும் சுமார்தான். ஆனால் அட்டையில் 2 என்று போட்டிருந்தால் உள்ளே 2 இருக்கிறது, அதைப் பாதியாக்கிப் படிப்படியாக இறக்கவும் முடியும். புகையிலையை விட 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

ஏற்கனவே வீட்டில் பாட்டில் இருக்கிறது என்றால், அதை உடனே கவனிக்க வேண்டும். நம் வீடுகள் பெரியவை. விசேஷம் என்றால் வளவு முழுக்கக் குழந்தைகள், ஊரில் இருந்து வந்தவர்களின் பைகள் பட்டாலையில் திறந்தபடி. வேப் திரவப் பாட்டிலில் மாம்பழமும் ஸ்ட்ராபெர்ரியும் படமாக இருக்கும், மணமும் மிட்டாய் மாதிரி. பாட்டில்களைப் பூட்டி வைக்க வேண்டும், அடர் நிக்கோட்டினைத் தண்ணீர் பாட்டிலிலோ சொட்டு மருந்துப் பாட்டிலிலோ மாற்றி ஊற்றவே கூடாது, ஃப்ரிட்ஜில் வைக்கவும் கூடாது. குழந்தை குடித்துவிட்டால் முதலில் வாந்தி, எச்சில் ஒழுகுவது, வேர்வை, முகம் வெளுப்பது வரும். நெஞ்சு படபடக்கும். அதிகமாகப் போயிருந்தால் வலிப்பும் மயக்கமும் சீக்கிரமே வரும். வாந்தி எடுக்க வைக்க முயற்சிக்கக் கூடாது, உப்புத் தண்ணீரும் புளித்தண்ணீரும் கொடுக்கக் கூடாது. தோலில் கொட்டியிருந்தால் துணியைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். போலீஸ் கேட்குமோ என்று பயந்து பாட்டிலை மறைத்தால், எதற்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று தெரியாமல் டாக்டர் தடுமாற வேண்டியிருக்கும்.